குழந்தையின் அச்சமும் பெரியவர்களின் சொல்லும்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு செயலவையினர் என்னையும் பணித்தார்கள். தல வரலாறு, திருமுறைச் சிறப்பு முதலியவற்றைக் கற்றறிந்தவர்கள் எழுதுவார்கள். நான் 30 ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்ப்பள்ளிகளில், பெரும்பாலும் ஒன்றாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளோடு காலம் கழித்தவன். ஆதலால் எனக்குப் பழக்கமான பொருளையே எடுத்துக்கொள்கிறேன். சிறு பிள்ளைகளின் பயத்தைப் பற்றியது அது.

வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்ததும் இளம் தாய்மார் சிலர் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு குருக்களிடம் வருவதைப் பார்க்கிறேன். "சாமி, பிள்ளை ராத்திரியிலே திடுக்கிட்டு எழுந்து அழுறான், கொஞ்சம் திருநீறு போட்டு விடுங்க" என்பார்கள். குருக்கள் நெற்றியில் நீறிட்டு, தலையில் கை வைத்து, இரண்டு வார்த்தை சொல்வார். பிள்ளை அடங்கிவிடும். இதை நான் ஒருபோதும் குறை கூறமாட்டேன். ஆனால் அதே பிள்ளை கார் நிறுத்துமிடத்தில் சற்றுச் சிணுங்கினால் போதும், "சத்தம் போட்டா முனி பிடிச்சுக்கிட்டுப் போயிடும்" என்ற சொல் காதில் விழுகிறது. நெற்றியில் இட்ட நீறு காய்வதற்குள் அடுத்த பயத்தை ஊட்டியாகிவிட்டது!

ரம்பா சொன்ன மருந்து

பயந்த பிள்ளைகளில் உலகம் அறிந்த ஒருவர் உண்டு. 1869இல் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ் என்னும் அந்தப் பிள்ளைதான் பின்னாளில் மகாத்மா காந்தி ஆனார். திருடன், பேய், பாம்பு ஆகிய மூன்றுக்கும் தாம் அஞ்சி நடுங்கியதை அவர் 'சத்திய சோதனை'யில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இரவில் கதவுக்கு வெளியே கால் வைக்க மாட்டாராம். அறையில் விளக்கு எரியாவிட்டால் தூக்கம் வராதாம். அவர்கள் வீட்டில் வேலை பார்த்த ரம்பா என்ற செவிலித்தாய், பயம் வரும்போது இராமநாமத்தைச் சொல்லச் சொன்னார். அந்த இடத்தில் காந்தியடிகள் எழுதியிருப்பது கவனிக்கத்தக்கது. மருந்தின் மீது இருந்ததைவிட அதைச் சொன்ன ரம்பாவின் மீதே தமக்கு நம்பிக்கை அதிகமாக இருந்தது என்கிறார்.

இதை ஆன்மிகத்திற்கு மாறான பேச்சு என்று யாரும் எண்ண வேண்டாம். இராமநாமம் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. ஆனால் ஐந்தாறு வயதுப் பிள்ளைக்குத் தத்துவம் தெரியாது. தன்னைத் தூக்கி வளர்த்த கை தெரியும், தன்னிடம் பொய் சொல்லாத வாய் தெரியும். அந்த வாய் சொன்ன நாமம் அதனால்தான் உள்ளே இறங்கியது. இன்னொன்றையும் பெற்றோர் மறந்துவிடக்கூடாது. ரம்பாவின் மருந்து ஒரே இரவில் வேலை செய்யவில்லை. 13 வயதில் திருமணம் ஆன பிறகும் இருட்டுக்குப் பயந்துகொண்டிருந்ததையும், இருட்டில் கூசாமல் நடக்கும் மனைவியிடம் அதைச் சொல்ல வெட்கப்பட்டதையும் அவரே எழுதியிருக்கிறார். ஒரு வாரம் கதை சொல்லிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டேங்கிறான்" என்று அலுத்துக்கொள்ளும் நாம் இதை நினைத்துப் பார்க்கலாம்.

பயம் எந்தப் பிள்ளைக்கும் வருவதுதான். எட்டு, ஒன்பது மாதக் குழந்தை புதுமுகத்தைக் கண்டால் அழும். இரண்டு மூன்று வயதில் இடி, இருட்டு, நாய். நான்கு முதல் ஆறு வயதில் கட்டிலுக்கு அடியில் இருக்கும் ஏதோ ஒன்று. ஏழு எட்டு வயதில் அம்மா செத்துப்போய்விடுவாரோ என்ற எண்ணம். இவற்றில் பெரும்பாலானவை வந்த வழியே போய்விடும், நாம் கெடுக்காமல் இருந்தால்.

பூச்சாண்டியின் தம்பி

நாம் கெடுக்கும் வழிகளில் முதலாவது, பயத்தை வீட்டு வேலைக்காரனாக வைத்துக்கொள்வது. சோறு உண்ண பூச்சாண்டி, தூங்க சாக்குக்காரன், அடங்கியிருக்க போலீஸ்காரர். டாக்டர் ஊசியும் வாத்தியார் பிரம்பும் கூட இந்தப் பட்டியலில் உண்டு. ஆறு ஆண்டுகள் வாத்தியாரைக் காட்டி மிரட்டப்பட்ட பிள்ளை ஒன்றாம் ஆண்டு வகுப்பின் வாசலில் என்னைக் கண்டதும், பூச்சாண்டியின் தம்பியைக் கண்டதுபோல் நிற்கும். அந்த முகத்தைச் சிரிக்கவைக்க எனக்குப் பல வாரங்கள் பிடிக்கும். நம் பேராக் மாநிலத்திற்கென்றே ஒரு மிரட்டலும் இருக்கிறது: "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவேன்!" 1911 முதல் அங்கே இருந்துவரும் மனநல மருத்துவமனையின் பெயரை வசைச்சொல்லாக்கிவிட்டோம். அதன் விலையைக் கடைசியில் சொல்கிறேன்.

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாட்களை அறிந்தவர்களுக்கு 1961இல் வெளிவந்த 'அரசிளங்குமரி' படம் நினைவிருக்கும். 1959இல், 29 வயதிலேயே மறைந்துவிட்ட பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் அதில் ஒரு சிறுவனுக்குப் புத்தி சொல்லும் பாட்டு எழுதியிருந்தார். மரத்தில் பேய் ஆடுகிறது என்று சொல்பவர்களின் பேச்சை நம்பாதே என்று பையனுக்கு எடுத்துரைக்கும் பாட்டு. நல்ல பாட்டு, நான் வகுப்பில் பாடிக் காட்டியதுண்டு. ஆயினும் "பேய் இல்லை" என்று சொல்வதாலேயே ஒரு பிள்ளையின் பயம் போய்விடாது. இது ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன். அதற்கு முன் நம் தோட்டத்து ஆயாக் கொட்டகைக்குப் போகவேண்டும்.

ஆயாக் கொட்டகை

நான் பிறந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். இன்று அங்கே பால்மரமும் இல்லை, லயமும் இல்லை. அக்காலத்தில் விடியுமுன்பே பெரட்டு. தாய்மார் இருட்டோடு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தூங்குகிற பிள்ளையைத் துணியோடு சுருட்டி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரம் வெட்டப் போவார்கள். பிள்ளை கண் விழிக்கும்போது வேறு கூரை, வேறு முகம். வரிசையாகத் தூளி கட்டிய அந்தக் கொட்டகையில் காலை ஆறு மணிக்குக் கேட்கும் அழுகையை அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோல் அழவில்லை. என் தாயார் என்னைத் தூக்கத்தில் விட்டுச் சென்றதில்லை. எழுப்பி, முகத்தைத் துடைத்து, "அம்மா வெட்டுக்குப் போறேன். பால் எடுத்து, ஸ்டோரிலே நிறுத்துட்டு, பால் லாரி போனதும் வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். நான் அழுவேன், அது வேறு. ஆனால் பால் லாரி கொட்டகையைக் கடந்து போகும்போது எனக்குத் தெரியும், அம்மா வந்துவிடுவார். வந்தும் விடுவார். கடிகாரம் பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு அந்த லாரிதான் கடிகாரம்.

இதையே நான் பின்னாளில் ஒன்றாம் ஆண்டு முதல் நாளில் ஆண்டுதோறும் கண்டேன். பிள்ளை வேறு பக்கம் பார்க்கும் நேரத்தில் நழுவிப் போய்விடும் தாய் ஒரு வகை. அப்போதைக்கு அழுகைச் சத்தம் மிச்சம். ஆனால் அன்று முதல் அந்தப் பிள்ளை அம்மா குளியலறைக்குப் போனாலும் பின்னாலேயே போகும். கண்ணை எடுத்தால் மறைந்துவிடுவார் என்று கற்றுக்கொண்டுவிட்டதே! இன்னொரு வகைத் தாய், வாசலிலேயே குனிந்து, "ரெண்டாவது மணி அடிச்சுச் சாப்பிட்டப்புறம், கடைசி மணி அடிக்கும்போது இந்தக் கேட்டுக்கிட்ட நிப்பேன்" என்று சொல்லி, முத்தமிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். சொன்னபடி நிற்பார். அந்தப் பிள்ளையின் அழுகை பெரும்பாலும் ஒரு வாரம் தாண்டுவதில்லை. வாக்கு ஒருநாள் தவறினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்பதும் உண்மை.

சீமையிலும் இதே பாடத்தைப் போர்க்காலத்தில் கற்றார்கள். 1939 செப்டம்பரில் போர் மூண்டபோது, குண்டுவீச்சுக்கு அஞ்சி, லண்டன் மாநகரக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து நாட்டுப்புறங்களுக்கு அனுப்பினார்கள். அன்னா பிராய்டு அம்மையாரும் டோரதி பர்லிங்ஹாம் அம்மையாரும் லண்டன் ஹேம்ஸ்டெட் பகுதியில் குழந்தைகள் காப்பகம் நடத்தி, கண்டதையெல்லாம் குறித்துவைத்து 1943இல் நூலாக வெளியிட்டார்கள். குண்டுச் சத்தத்தைவிடத் தாயைப் பிரிந்ததே சிறு குழந்தைகளை அதிகம் உலுக்கியது என்பது அவர்கள் கண்டது. தாய் அருகிலிருந்து, அவரும் அமைதியாக இருந்தால், குண்டு விழும் இரவையும் குழந்தை தாங்கிக்கொண்டது. தாய் நடுங்கினால் குழந்தையும் நடுங்கியது.

இன்று லயம் போய், ஈப்போவிலும் சிம்மோரிலும் மலிவு விலை வீடுகளுக்கு வந்துவிட்டோம். தாயும் தகப்பனும் தொழிற்சாலையில் மாற்றி மாற்றி வேலை. பக்கத்து வீட்டு ஆத்தாவும் இல்லை, ஆயாக் கொட்டகையும் இல்லை. கையில் கொடுக்கப்பட்ட தொலைபேசியில் பேய்ப் படம் ஓடுகிறது. 2020 மார்ச் 18ஆம் நாள் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பிறந்து, முதல் இரண்டு ஆண்டுகள் வெளிமுகமே அறியாமல் வளர்ந்த பிள்ளைகளும் வளர்ந்து வருகிறார்கள். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், 5 முதல் 15 வயது வரையிலான மலேசியப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு மனநலம் சார்ந்த ஏதோ ஒரு சிக்கல் இருப்பதாகக் கண்டறிந்தார்கள். எல்லாமே பயம் அல்ல. ஆனாலும் சிறிய கணக்கு அல்ல.

முயலுக்குப் பயந்த பீட்டர்

இனி, "பேய் இல்லை" என்று சொன்னால் மட்டும் ஏன் போதாது என்ற கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார் 1924இல் இதைச் சோதித்துப் பார்த்தார். பயந்த பிள்ளைகளிடம் எந்த வழி பலிக்கிறது என்று ஒவ்வொன்றாக முயன்றார். அது நல்லது, பயப்படாதே என்று எடுத்துச் சொல்வது. மற்றப் பிள்ளைகளை விட்டுக் கேலி செய்வது. பயப்படும் பொருளைக் கண்ணிலேயே காட்டாமல் மறைத்து வைப்பது. இவை பயன் தரவில்லை. இரண்டு வழிகளே நன்றாகப் பலித்தன. ஒன்று, பயப்படாத வேறு பிள்ளைகள் அதோடு விளையாடுவதைப் பார்க்கவைப்பது. மற்றொன்று, மகிழ்ச்சியான வேளையில், தூரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவருவது.

பீட்டர் என்று அவர் குறிப்பிட்ட பையனுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. முயலைக் கண்டால் பயம். பஞ்சைக் கண்டாலும், கம்பளி மேலங்கியைக் கண்டாலும் பயம். உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, அவனுக்குப் பிடித்த தின்பண்டம் கொடுத்தார்கள். கூண்டில் முயலை, அவன் சாப்பிடுவதற்கு இடையூறு இல்லாத தூரத்தில் வைத்தார்கள். நாளாக நாளாகக் கிட்டே கொண்டுவந்தார்கள். நடுவில் அவனுக்குக் காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் இருந்தான். திரும்பும்போது வாசலில் ஒரு பெரிய நாய் பாய்ந்தது. அவனோடு இருந்த தாதியும் பயந்துவிட்டார். அவ்வளவுதான், சம்பாதித்ததெல்லாம் போய்விட்டது. மறுபடி தொடங்கினார்கள். முடிவில் முயல் தன் விரலைக் கடித்துப் பார்க்கும்படி அவனே கை நீட்டினான்.

நம் வீட்டுப் பிள்ளைக்கு இதை எப்படிப் பொருத்துவது? தனியாகப் படுக்கப் பயப்படும் பிள்ளையை முதல் நாளே அறையில் போட்டுக் கதவைச் சாத்தக்கூடாது. நாள் முழுதும் அம்மாவின் முந்தானையிலேயே வைத்திருக்கவும் கூடாது. முதலில் கட்டிலருகே நாற்காலியில் உட்காருங்கள். சில நாள் கழித்து நாற்காலி கதவருகே போகட்டும். பிறகு கூடத்தில் இருந்து குரல் மட்டும் கொடுங்கள். "தண்ணி குடிச்சிட்டு அஞ்சு நிமிஷத்திலே எட்டிப் பார்ப்பேன்" என்றால் ஐந்து நிமிடத்தில் எட்டிப் பார்க்கவேண்டும். பிள்ளை தூங்கியிருந்தாலும் பாருங்கள்.

இங்கே அன்பு மிகுந்த பெற்றோர் தவறும் ஓர் இடம் உண்டு. பிள்ளைக்குப் பயம் என்பதற்காக வீடே வளைந்து கொடுக்கத் தொடங்கும். விருந்தாளி வந்தால் பிள்ளைக்குப் பதில் தாயே பேசுவார். நாய் இருக்கிறது என்று மாமா வீட்டிற்குப் போவது நிற்கும். தகப்பன் கூடத்தில் பாய் விரித்து, பிள்ளை தாயோடு படுத்து, இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடிவிடும். ஏல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்ற உளவியல் அறிஞர், பிள்ளையை ஒருமுறைகூடப் பார்க்காமல் பெற்றோரிடம் மட்டுமே பேசி, இந்த வளைந்து கொடுத்தலைப் படிப்படியாகக் குறைக்கப் பழக்கினார். 7 முதல் 14 வயது வரையிலான 124 பிள்ளைகளைக் கொண்டு நடத்திய அந்த ஆய்வு 2020இல் அச்சேறியது. பிள்ளைக்கே நேரடியாகச் சிகிச்சை அளித்ததற்கு ஈடான பலன் கிடைத்தது. பெற்றோர் சொல்லப் பழகிய வார்த்தையில் இரண்டு பாதி உண்டு. "உனக்குப் பயமா இருக்குன்னு அம்மாவுக்குத் தெரியுது" என்பது ஒன்று. "ஆனாலும் உன்னாலே முடியும்" என்பது மற்றொன்று. நம் வீடுகளில் பாட்டி முதல் பாதியை மட்டும் சொல்வார், தகப்பனார் இரண்டாவதை மட்டும் சொல்வார். ஒரே வாயில் இரண்டும் வந்தால் நலம்.

ஆலயத்தில் நாம் செய்யக்கூடியது

"சாமி கண்ணைக் குத்தும்" என்பதை இந்த ஆலய வளாகத்திற்குள்ளாவது நிறுத்திவிடவேண்டும் என்பது என் தாழ்மையான விண்ணப்பம். தோட்டத்து எல்லையில் அரிவாளோடும் முறுக்கிய மீசையோடும் நிற்கும் முனீஸ்வரரும் மதுரை வீரனும் பிள்ளையைப் பிடித்துப் போகிறவர்கள் அல்லர், பிள்ளை தூங்கும்போது கண் விழித்துக் காவல் இருப்பவர்கள். அப்படித்தானே நம் பாட்டன்மார் கல்லை நட்டுக் கும்பிட்டார்கள்! நடராசப் பெருமானின் திருமுன் பிள்ளையை நிறுத்தி, முன்னிருக்கும் வலக்கையைக் காட்டுங்கள். அபய முத்திரை. "பயப்படாதே என்று சாமி கை காட்டுகிறார், பார்" என்றால் நான்கு வயதுக்கும் புரியும். நான் சொல்லிப் பார்த்த பிள்ளைகள் வீட்டில் தம்பி தங்கைக்கு அதே கையைக் காட்டுகிறார்கள்.

தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசம் உடலின் ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லி வேல் காக்க வேண்டும் என்று கேட்பது. இரவில் தாயும் பிள்ளையும் சேர்ந்து மெதுவாக, அந்தந்த உறுப்பைத் தொட்டுத் தொட்டுச் சொன்னால் உடம்பும் மூச்சும் அடங்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை. "ஒரு வரி விட்டாலும் ஆபத்து" என்று சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொல்லி வளர்க்கப்பட்ட ஒரு மாணவனை எனக்குத் தெரியும். ஒரு வரி விட்டுப்போயிற்றோ என்ற ஐயத்தில் நள்ளிரவில் எழுந்து மறுபடி மறுபடி சொல்வான். காக்க வந்த கவசமே அவனுக்குப் புதுப் பயமாகிவிட்டது.

தைப்பூசத்திலும் பீட்டரின் முயலை நினைத்துக்கொள்ளுங்கள். புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குப் போகும் காவடிகளின் நடுவே, உருமி மேளம் காதருகே முழங்க, அலகு குத்திய முகங்களுக்குக் கீழே மூன்று வயதுப் பிள்ளையை நடக்கவைத்தால் அது அலறத்தான் செய்யும். சில நாள் முன்பே கூட்டமில்லாத நேரத்தில் கோயிலைக் காட்டுங்கள். அன்று முதலில் தூரத்தில் நின்று பார்க்கட்டும். காதைப் பொத்திக்கொள்ளட்டும். அழுதால் சற்று விலகி நின்று, அடங்கியபின் இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் புறப்படுங்கள். அழுகையின் உச்சத்திலேயே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், ஓடியதுதான் நினைவில் நிற்கும்.

நம்பவேண்டிய பயமும் உண்டு

எல்லாப் பயத்தையும் படிப்படியாகப் பழக்கப்போகக்கூடாது. நேற்றுவரை சிரித்துக்கொண்டு போன பிள்ளை திடீரென்று ஒரு வீட்டிற்கு, ஒரு மனிதரிடம், ஒரு வேனில் போக மறுத்தால், அந்தப் பயம் உண்மையைச் சொல்வதாக இருக்கலாம். உறவினர், பெரிய மனிதர் என்று பார்க்காதீர்கள். மிரட்டாமல், தூண்டித் துருவாமல், பிள்ளை சொல்வதைக் கேளுங்கள், நம்புங்கள். இத்தகைய முறையீட்டுக்கு 15999 என்ற தாலியான் காசே எண் இருக்கிறது. வகுப்பில் ஒரு சிறுமி வேன் வரும் நேரத்தில் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். கடைசி மணி என்றால் மற்றவர்களுக்குக் கொண்டாட்டம், அவளுக்கு வலி. தாயாரை அழைத்துச் சொன்னேன். அவர் அன்றே வேனை நிறுத்திவிட்டுத் தாமே மோட்டார் சைக்கிளில் வந்து அழைத்துப் போனார். காரணத்தைப் பிள்ளை பிறகு மெல்லச் சொல்லியது. அந்தத் தாய் செய்ததுபோல் முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு கேட்பதே முறை.

மற்றப்படி, பயம் நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்து, தூக்கமும் சாப்பாடும் பள்ளியும் கெட்டால், பள்ளி நாளில் மட்டும் காலையில் வயிற்றுவலி வந்தால், நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்கினால், அரசாங்க கிளினிக்கில் சொல்லுங்கள். அங்கிருந்து உரிய மருத்துவரிடம் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். கயிறு கட்டுங்கள், மந்திரியுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தோஷம் கழிக்க நூற்றுக்கணக்கான ரிங்கிட் கேட்கிறவரிடம் மாதக்கணக்கில் அலைந்துவிட்டு, கிளினிக்குக்கு மட்டும் தயங்குவது ஏன்? காரணம் முன்பு சொன்ன அந்த வசைச்சொல்தான். "தஞ்சோங் ரம்புத்தான்" என்று பிள்ளையை மிரட்டிய அதே வாய்க்கு, மனநல மருத்துவர் என்ற சொல்லைக் கேட்டால் அவமானமாகிவிடுகிறது. தாமதத்தின் விலையைப் பிள்ளை கொடுக்கிறது.

மருத்துவரிடம் புறப்படும்போது, "கடைக்குப் போறோம்" என்று சொல்லி ஏமாற்றி அழைத்துப் போகாதீர்கள். எங்கே போகிறோம், அங்கே யார் இருப்பார், என்ன கேட்பார் என்று வீட்டிலேயே சொல்லுங்கள். பேச்சு மட்டும்தான் என்றால் அதைச் சொல்லுங்கள். வேறொரு நாள் தடுப்பூசி போடப் போவதாக இருந்தால், "ஊசி கிடையாது" என்று சொல்லாமல், "ஊசி உண்டு, கொஞ்சம் வலிக்கும், பத்து எண்ணுறதுக்குள்ளே முடிஞ்சிடும், அம்மா கையைப் பிடிச்சுக்கிறேன்" என்று சொல்லி, ஊசி போடும்போது பிள்ளையோடு சேர்ந்து ஒன்றிலிருந்து எண்ணுங்கள்.